தோசை என்றால் பாவம்: ஜகார்த்தாவில் எங்கள் சனி, ஞாயிறுகள்

ஜகார்த்தாவுக்கு வந்த புதிதில் பக்கத்து ஃபிளாட் பெண்மணி, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அப்போது எனக்குத் தெரிந்த இந்தோனேசிய மொழி நாற்பது வார்த்தை இருக்கும். அதை வைத்துக்கொண்டு, "ஞாயிறு காலையில் வீட்டில் எல்லோருக்கும் தோசை" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் மொழியில் 'தோசா' என்றால் பாவம். நாம் தோஷம் என்கிறோமே, அதே சொல்தான். வாராவாரம் குடும்பத்தோடு உட்கார்ந்து பாவம் செய்கிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தால் அந்த நாட்களில் எங்கள் ஞாயிறுகள் ஏறக்குறைய அப்படித்தான் போயின. 2022 ஜூலையில் கணவருக்கு இங்கே வேலை மாற்றலானது. எனக்கு வந்தது குடும்ப விசா, வேலை பார்க்க அனுமதி கிடையாது. மகளுக்கு அப்போது ஏழு வயது. சனிக்கிழமை ஒரு மால், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மால், நடுவில் பசார் பாருவில் உளுந்தும் புளியும் வாங்க ஒரு நடை. வெயிலுக்கும் மழைக்கும் மாலில் கவலையில்லை, குழந்தைக்கும் விளையாட இடம் இருந்தது. மூன்று மாதம் கழித்து அம்மா போனில், "ஊரு எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஊரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. ஏசி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

முதலில் வெளியே இழுத்தது ஞாயிறு காலைகள். சுதிர்மான், தம்ரின் என்று நகரின் நடுநாயகமான சாலைகளில் ஞாயிறுதோறும் காலையில் 10 மணி வரை மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. மற்ற நாட்களில் அரை கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த அதே சாலையில், தள்ளுவண்டிக் குழந்தைகளும் பாட்டிகளும் ஏரோபிக்ஸ் கூட்டமும் நடந்துபோவதைப் பார்க்கவே மனசு லேசானது. ஓரத்தில் நின்று 'பூபுர் ஆயாம்' சாப்பிடலாம். கோழி போட்ட கஞ்சி, மேலே வறுத்த வெங்காயம், கூட ஒரு கரண்டி சம்பல். இங்கே ஆண்டு முழுக்க ஆறு மணிவாக்கில் விடிந்து ஆறு மணிவாக்கில் இருட்டிவிடும். அதனால் நாள் என்பது காலையில்தான் இருக்கிறது. ஒன்பது மணிக்கு மெதுவாக எழுந்து கிளம்புகிறவர்களுக்கு வெயிலும் நெரிசலும் மட்டும்தான் மிச்சம்.

அதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு முட்டாள்தனம் செய்தோம். ஒரு நீண்ட விடுமுறைச் சனிக்கிழமை, காலை டிபனை முடித்துவிட்டு நிதானமாக புன்ச்சாக் மலைக்குக் காரில் கிளம்பினோம். தேயிலைத் தோட்டம், குளிர், ஊட்டி மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். நாங்கள் பார்த்தது முன்னால் நின்ற வண்டியின் பின்பக்கத்தை மட்டும். வார இறுதியில் அந்த மலைச்சாலையில் சில மணி நேரம் மேலே போகிறவர்களை மட்டும் விடுவார்கள், அப்புறம் கீழே வருகிறவர்களை மட்டும். 'புக்கா துதூப்', திறந்து மூடுவது என்று இதற்குப் பெயர். நாங்கள் மூடிய நேரத்தில் போய் மாட்டிக்கொண்டோம். ஐந்து மணி நேரம். வேக வைத்த சோளம் விற்ற பையனிடம் மகள் நட்பாகிவிட்டாள்.

சாலையில் எங்களோடு சேர்ந்து தவித்த எங்கள் டிரைவர், "அடுத்த தடவை ரயிலில் போகோர் போங்க, பூ" என்றார். பூ என்றால் இபு, அம்மா. அவரை நாங்கள் 'பா' என்று கூப்பிடுவோம், பாபாக் என்பதன் சுருக்கம், ஐயா மாதிரி. இங்கே பெயரை மட்டும் சொல்லி யாரையும் கூப்பிடுவது நன்றாயிராது. வயதில் மூத்த ஆண் பா, பெண் பூ, இளைஞன் மாஸ், இளம்பெண் எம்பா. அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிட்டே வளர்ந்த நமக்கு இது தானாக வந்துவிடும். கடையில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

போகோர் ரயில் எங்கள் வாழ்க்கையை மாற்றியது என்றே சொல்வேன். ஜகார்த்தாவிலிருந்து புறநகர் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், கட்டணம் நம் காசில் ஒரு டீ, வடைக்குள் அடங்கும். இறங்கி நடக்கிற தூரத்தில் 1817இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம். 87 ஹெக்டேர். ஓரத்தில் அதிபர் மாளிகையும் புல்வெளியில் மான்களும். உள்ளே ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் அதற்கு முன்பு ஜாவாவை ஆண்டவர். இங்கே 1814இல் இறந்துபோன அவருடைய மனைவி ஒலிவியாவின் நினைவுக்காக எழுப்பியது அது. ஆனால் போகோருக்கு மழை நகரம் என்று பெயர், சும்மா வைக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் வானத்தை நம்பக் கூடாது. ஏழு மணி ரயிலில் போய் ஒரு மணி ரயிலில் திரும்பிவிடுவது எங்கள் கணக்கு.

வார நாட்களில் வீட்டில் தனியாக இருந்தவள் நான். தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக ஆரம்பித்தது அந்தத் தனிமையில்தான். வாசலில் சயாம் மன்னர் சூலலங்கோர்ன் 1871இல் வந்தபோது அன்பளிப்பாகக் கொடுத்த வெண்கல யானை நிற்கும். அதனால் ஊர்க்காரர்களுக்கு அது யானைக் கட்டடம். 1970 முதல் இயங்கும் இந்தோனேசியன் ஹெரிடேஜ் சொசைட்டி என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் அங்கே சுற்றிக்காட்டுவார்கள். பல நாட்டுப் பெண்கள், பெரும்பாலும் என்னைப் போலக் கணவரின் வேலைக்காக வந்தவர்கள். புது ஊரில் ஆள் பழக வேண்டுமென்றால் இப்படி ஒரு படிப்பு வட்டத்தில் சேர்வது நூறு வாட்ஸ்அப் குழுவைவிட மேல். திங்கட்கிழமை மட்டும் எந்த அருங்காட்சியகத்துக்கும் கிளம்பாதீர்கள், பெரும்பாலும் பூட்டியிருக்கும்.

அங்கே துகு கல்வெட்டைப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முட்டை வடிவத்தில் ஒரு பெரிய கல், சுற்றிலும் பல்லவ எழுத்து. வடக்கு ஜகார்த்தாவில் துகு என்ற ஊரில் கிடைத்தது, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பூர்ணவர்மன் என்ற அரசன் தன் 22ஆம் ஆட்சியாண்டில் கோமதி என்ற ஆற்றை 6,122 வில் (அந்தக் கால அளவு) நீளத்துக்கு 21 நாளில் வெட்டி முடித்து, அந்தணர்களுக்கு 1,000 பசு தானம் கொடுத்தான் என்று சமஸ்கிருதத்தில் சொல்கிறது. ஜகார்த்தாவில் இன்றைக்கும் ஒவ்வொரு ஜனவரியும் தண்ணீரை எங்கே திருப்பிவிடுவது என்ற பேச்சுதான். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டாக ஓயாத வேலை போலிருக்கிறது!

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. வட்டெழுத்துக் கல்வெட்டு உள்ள ஊர். அதைப் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கூட வந்த கொரியப் பெண்ணிடம், "இந்த எழுத்து எங்கள் பக்கத்திலிருந்து வந்தது" என்றேன். அவள் மரியாதையாகத் தலையசைத்தாள். அன்று முதல் எதைப் பார்த்தாலும் இதே பாட்டுதான். கப்பலை இவர்களும் கபால் என்கிறார்கள், கடைக்கு கெடாய், பெட்டிக்கு பெத்தி, முதலுக்கு மோடால். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஆண்கள் கட்டிப்போகும் கட்டம் போட்ட கைலிக்கு சாரூங் பலெக்காட் என்று பெயர். பலெக்காட் நம் பழவேற்காடுதான், ஒரு காலத்தில் அங்கிருந்து துணி வந்ததன் மிச்சம். எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் 'நம்மகிட்டேயிருந்து போனது' என்று வரவு எழுதிக்கொண்டே போனால், எதிரில் இருப்பதைப் பார்க்கக் கண் மிஞ்சாது. அது எனக்குப் புரிய இன்னும் ஆறு மாதம் ஆனது.

நடுவில் ஒரு நாள் போகோருக்கு அப்பால் சியாரூத்தூன் போனோம். பூர்ணவர்மனின் பாதச்சுவடு பொறித்த பாறை. அவன் பாதங்கள் விஷ்ணுவின் பாதங்களைப் போன்றவை என்று நாலு வரி. ஆற்றுக்குள் கிடந்த பாறையை 1981இல் மேலே கொண்டுவந்து கூரை போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு கல்லில் அரசனுடைய யானையின் கால்தடம். இந்த மாதிரி இடங்களில் டிக்கெட் கவுன்ட்டர் எல்லாம் இருக்காது. பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் வருவார், விருந்தினர் நோட்டில் பெயர் எழுதச் சொல்வார், நாம் இஷ்டப்பட்டதைக் கொடுக்கலாம். கையில் சில்லறைத் தாளாக வைத்திருங்கள். நகரத்தில் அட்டையும் க்யூஆரும் எல்லா இடத்திலும் செல்லும், கிராமத்துப் பெரியவரிடம் லட்சம் ரூப்பியாத் தாளை நீட்டினால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

சரி, இங்கத்திய பாவையாட்டமான வாயாங்குக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2023இல் எங்கள் டிரைவர் அவருடைய கிராமத்துக்கு அழைத்தார். மத்திய ஜாவாவில் கிளாத்தன் பக்கம். அறுவடை முடிந்து 'பெர்சே டேசா', அதாவது ஊரைச் சுத்தம் செய்யும் விழா. ராத்திரி முழுக்க வாயாங் கூலிட், தோல்பாவை ஆட்டம். ஜகார்த்தாவிலிருந்து யோக்யகார்த்தாவுக்கு ரயில், அங்கிருந்து சின்ன மின்சார ரயிலில் கிளாத்தன். இங்கே நிகழ்ச்சிகளின் நேரம் ரப்பர் நேரம் என்று அவர்களே கேலி செய்வார்கள், ஏழு மணி என்றால் எட்டரை. ரயில் மட்டும் அந்தக் கணக்கில் சேராது, சொன்ன நிமிஷத்துக்குப் போய்விடும். எங்களுக்கு ஒரு முறை அப்படிப் போயிருக்கிறது.

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு, பாதியில் அம்மா மடியில் தூங்கி, சாமக்கொடைக்கு எழுப்பிவிடப்பட்டு வளர்ந்தவள் நான். அதனால் அந்த மைதானம் எனக்கு அந்நியமாக இல்லை. பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். வேர்க்கடலை, பலூன், சுருட்டு வாசனை. பெரிய வெள்ளைத் திரை, அதற்குக் கீழே முழு வாழைத்தண்டைக் கிடத்தி, நூற்றுக்கணக்கான பாவைகளை இரண்டு பக்கமும் செருகி வைத்திருந்தார்கள். நடுவில் டாலாங், பாவையாட்டி. அவருக்குப் பின்னால் காமெலான் இசைக்காரர்கள், வரிசையாகக் கொண்டை போட்ட பாடகிகள். திரைக்குப் பின்னால் நிழலைப் பார்ப்பதா, டாலாங் பக்கமிருந்து வண்ணப் பாவைகளைப் பார்ப்பதா என்று நாமே முடிவு செய்யலாம், நடுவில் எழுந்து இடம் மாறலாம். முதல் தடவை போகிறவர்கள் டாலாங் பக்கம் உட்காருங்கள். ஒரே மனிதர் இரண்டு கையிலும் பாவையைப் பிடித்து, எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் மாற்றிப் பேசி, கால் விரலிடுக்கில் ஒரு மரக்கட்டையை இடுக்கித் தட்டி இசைக்காரர்களுக்குச் சைகையும் கொடுப்பதைப் பார்க்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்கு உட்கார்ந்தவர் விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

கதை பாரதம். எனக்கு ஒரு தெனாவட்டு. மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்: இவர்தான் பீமன், கட்டைவிரல் நகத்தைப் பார், இவர் அர்ஜுனன், இது கடோத்கஜன். கடோத்கஜன் இங்கே பறப்பான், அவன் பேரில் காமிக்ஸ்கூட உண்டு. அதுவரை சரி. அப்புறம் ஸ்ரீகண்டி வந்தாள். வில்லெடுத்த அழகான பெண், அர்ஜுனனின் மனைவியாம். நம் சிகண்டி! அவளைச் சமாளிப்பதற்குள் திரௌபதி வந்தாள். அவளுக்குக் கணவர் தர்மர் ஒருவர்தான். மற்ற நால்வரும் கொழுந்தன்மார்.

"அப்படி இல்லை பா, எங்கள் பாரதத்தில் ஐந்து பேர்" என்று டிரைவரிடம் கிசுகிசுத்தேன். அவர் மரியாதைக்குறைவாக ஒரு நாளும் பேசியதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒருவேளை இந்தியாவில் மாறிப்போயிருக்கலாம், பூ" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை, வாயடைத்துப்போனேன். அவருக்கு இது இந்தியாவிலிருந்து வந்த கதை இல்லை, அவர் தாத்தா சொன்ன கதை. அவர் ஐந்து வேளை தொழுகிறவர், அவர் மகன் பெயர் பீமா. தியெங் பீடபூமியில் இருக்கும் பழைய கோயில்களுக்கு அர்ஜுனன், பீமன், கடோத்கஜன் என்றெல்லாம் ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பாட்டுக்கு ஆசிரியை மாதிரி திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். பார்வையே வேறானது.

நடுராத்திரி தாண்டி 'கோரோ கோரோ' என்ற பகுதி வரும். அதற்கு முன் தூங்கினாலும் இதற்கு எழுந்துவிட வேண்டும். செமார் என்ற தொந்தி பெருத்த கிழவர், அவருடைய பிள்ளைகள் காரேங், பெத்ருக், பாகோங். பாண்டவர்களின் வேலைக்காரர்கள். வில்லிப்புத்தூராரிடமும் இல்லை, வியாசரிடமும் இல்லை. ஊர்த் தலைவர் முதல் பெட்ரோல் விலை வரை எல்லாவற்றையும் கிண்டலடிப்பார்கள், முன்வரிசையில் ஊர்த் தலைவரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் செமார் வெறும் கோமாளி இல்லை. சிவனை இவர்கள் பட்டாரா குரு என்பார்கள். அந்த பட்டாரா குருவுக்கு அண்ணன் செமார், மனிதரைக் காக்கக் கீழே இறங்கி வந்த கடவுள். அரசர்கள் குழம்பினால் வேலைக்காரன் காலில் விழுவார்கள். சொந்தமாக இப்படி ஒருவரைப் படைத்துப் பாரதத்துக்குள் வைத்தவர்களிடம் போய் மூலப்பிரதி பேச எனக்கு என்ன இருக்கிறது?

ஜாவானிய மொழி ஒரு வார்த்தை புரியாது. போவதற்கு முன் எந்தக் கதை என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும், நமக்குப் பாதி கதை தெரிந்ததுதானே. சால்வை, கொசுவிரட்டிக் களிம்பு, உட்காரத் தடித்த விரிப்பு, இவை மூன்றும் முக்கியம். யாராவது சாப்பிட நீட்டினால் வலது கையால் வாங்க வேண்டும், ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் போகும்போது கொஞ்சம் குனிந்து, வலது கையைக் கீழே நீட்டி, 'பெர்மிசி' என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லாதவர்களுக்கு யோக்யகார்த்தாவின் சோனோபுடோயோ அருங்காட்சியகத்தில் ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு மணி நேரச் சுருக்க ஆட்டம் உண்டு. மோசமில்லை. ஆனால் கல்யாண வீட்டில் சாப்பிடுவதும் அதே சாப்பாட்டைப் பார்சல் வாங்குவதும் ஒன்றா?

மறுநாள் அரைத்தூக்கத்தில் பிரம்பானான். 9ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில், 47 மீட்டர் உயரம். அதைப் பின்னணியாக வைத்து ஆடும் ராமாயண நாட்டியம் 1961 முதல் நடக்கிறது. திறந்தவெளி மேடையில் பார்க்க வேண்டுமென்றால் மழையில்லாத மே முதல் அக்டோபருக்குள் போங்கள், முடிந்தால் பௌர்ணமியை ஒட்டி. மற்ற மாதங்களில் உள்ளரங்கத்துக்குள் போய்விடும், கோயில் தெரியாது. பொரோபுதூர் என்ற பௌத்தக் கோயிலின் மேலே ஏற இப்போது தினசரி எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருக்கிறது, முன்பதிவு செய்யாமல் போனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கிதாஸ் என்ற வசிப்பிட அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். வெளிநாட்டவர் கட்டணத்துக்கும் உள்ளூர்க் கட்டணத்துக்கும் வித்தியாசம் அதிகம், அட்டையைக் காட்டினால் பல இடங்களில் உள்ளூர்க் கட்டணமே வாங்கிக்கொள்வார்கள்.

அந்தப் பயணத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. அரண்மனை பார்க்கப் போகிறோமே என்று நான் ஆசையாக வாங்கிய பாத்திக் சட்டையை எடுத்து வைத்திருந்தேன். சாய்வாக அலை அலையாக ஓடும் டிசைன். டிரைவரின் மனைவி பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இது பாராங், பூ. க்ராத்தோனுக்குள் இதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது." க்ராத்தோன் என்றால் அரண்மனை. அரச குடும்பத்துக்கே உரியது என்று ஒதுக்கிவைத்த டிசைன்களில் ஒன்று. கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் விற்கும், தெருவில் யாரும் போடலாம், அரண்மனைக்குள் மட்டும் ஆகாது. கல்யாணத்துக்கும் போடமாட்டார்களாம், பெண் மாப்பிள்ளைக்குச் சண்டை வருமாம். கல்யாணத்தில் பெற்றோர் உடுத்துவது துருந்தும், சின்னச் சின்ன நட்சத்திரம் போட்டது. அவரே தன் பீரோவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் ஜகார்த்தாவின் துணி அருங்காட்சியகத்தில் பாத்திக் கற்றுக்கொள்ளப் போனேன். உருக்கிய மெழுகை 'சாந்திங்' என்ற சின்னச் செம்பு மூக்கு வைத்த பேனாவில் மொண்டு துணியில் வரைய வேண்டும். கோலம் போட்ட கைக்கு இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். கோலமாவு ஆறாது, மெழுகு ஆறும். மெதுவாகப் போனால் மூக்கில் அடைத்துக்கொள்ளும், வேகமாகப் போனால் சொட்டும், சூடு அதிகமானால் பரவும். விரலில் இரண்டு கொப்புளமும் ஒரு கைக்குட்டையுமாக வீடு திரும்பினேன். ஆனால் அதற்குப் பிறகு கடையில் என்னை ஏமாற்ற முடியவில்லை. அதற்கு முன் ஒரு கடையில் அச்சடித்த துணியைக் கையால் வரைந்தது என்று நம்பி நல்ல விலை கொடுத்திருந்தேன். துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் வரைந்ததில் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே நிறம் இறங்கியிருக்கும், ஒரு பூ மாதிரி இன்னொரு பூ அச்சாக இருக்காது. செம்பு முத்திரையால் ஒற்றியது 'சாப்', அது நடுத்தர விலை. பின்பக்கம் வெளுத்திருந்தால் அச்சு, அதற்கேற்ற விலை கொடுத்தால் போதும்.

2024 கடைசியில் அத்தை வந்தார், கணவரின் அம்மா. சுத்த சைவம். சாப்பாட்டுக்குத்தான் திண்டாடினோம். 'தன்பா டாகிங்', மாமிசம் வேண்டாம் என்று சொன்னால் கோழி போட்டுக் கொண்டுவருவார்கள். டாகிங் என்றால் அவர்கள் மனதில் மாட்டிறைச்சிதான், கோழி அதில் சேராது. அதனால் கோழி, மீன், இறால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும். அதோடு 'தெராசி'யையும் சொல்ல வேண்டும், இறால் விழுது, பல சம்பல்களில் ஒளிந்திருக்கும். வெள்ளையாகப் பொரிந்து வரும் அப்பளத்தில்கூட இறால் இருக்கலாம். சீன பௌத்தர்கள் நடத்தும் சைவ உணவகங்களைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அத்தை நிம்மதியாகச் சாப்பிட்டார். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பே மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது. வேர்க்கடலைச் சட்டினியோடு தோசைக்கு நடுவில் வைத்துக் கேட்டார்.

தீ விபத்துக்குப் பிறகு 2024 அக்டோபரில்தான் தேசிய அருங்காட்சியகத்தைத் திரும்பத் திறந்திருந்தார்கள். அங்கே கூட்டிப்போனேன். நாலு மீட்டருக்கு மேல் உயரமான பைரவர் சிலைக்கு முன்னால் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய சனிக்கிழமை ஜகார்த்தாவின் செனென் பகுதியில் வாயாங் ஓராங் பாரதா அரங்குக்குப் போனோம். பாவைக்குப் பதில் மனிதர்கள் ஆடும் வாயாங், பல சனிக்கிழமை ராத்திரிகளில் நடக்கும். அத்தைக்கு மொழி தெரியாது, கதை சொல்ல ஆளும் வேண்டியிருக்கவில்லை. "இவன் பீமன்லா, நடையே சொல்லுதே" என்று அவரே ஆளாளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு வந்தார். திரௌபதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "மத்த நாலு பேரும் ஏன் தள்ளி நிக்கான்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் அவர் காதருகே சாய்ந்தாள். "ஆச்சி, இங்க அவங்களுக்கு ஒரே ஒரு மாப்பிள்ளதான்."

அத்தை கொஞ்ச நேரம் மேடையையே பார்த்தார்.

"பொழச்சா, மகராசி" என்றார்.